ஒரு சாண் தோசைக்கு நான்கு கரண்டி

அன்புள்ள அக்கா,

இன்று காலை பத்தரை மணியளவில் உங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து பலாக்கொட்டை சுடும் மணம் வந்தது. உங்கள் வீடு என்று பழக்கத்தால் எழுதிவிட்டேன். நீங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் இப்போது சேலத்துக்காரக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அந்தப் பெண்மணியோடு நான் இதுவரை நான்கு வார்த்தைகளுக்கு மேல் பேசியதில்லை. ஆயினும் அந்த மணம் வேலியைத் தாண்டி வந்தவுடன், வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, வழக்கமான உங்கள் குரலுக்காகக் காத்து நின்றேன். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கி என்னா பாடம்? ரசமா, கொழம்பா?"

எவரும் கேட்கவில்லை. கொட்டையொன்று படீரென்று வெடித்தது. தோலைக் கீறாமல் போட்டிருக்கிறார்கள் போலும். முனையைச் சற்றுச் சீவிவிட்டுச் சுடுங்கள் என்று போய்ச் சொல்லலாமா என எண்ணினேன். அடுத்த கணமே, அது ஏன் வெடிக்கிறதென்று அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருப்பார்களா, கேட்டிருந்தால் அவர்களுக்கு என்ன விடை கிடைத்திருக்கும் என்று அறிய ஆவல் மேலிட்டது. வெங்காயம் அப்படியே கிடக்க, இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கல்வி நடந்த விதத்தை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. பாதி நாட்கள் நீங்கள் அங்கேயே அமர்ந்திருந்தீர்கள். இருப்பினும் எழுத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். மூத்தவள் எஸ்தர் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, "தேவையற்ற கேள்விகளைக் குறைத்துக்கொள்ளவும்" என்று அவளுடைய குறிப்பேட்டில் எழுதி வந்தது. எந்தக் கேள்வி தேவையற்றது, அதை யார் தீர்மானிப்பது என்று மூன்று நாட்கள் யோசித்தேன். நான்காம் நாள், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து நானே கற்பிக்கப்போகிறேன் என்று என் கணவரிடம் அறிவித்தேன். கர்த்தர் நம்மிடம் ஒப்புவித்த பிள்ளைகளுக்காக நாமே கணக்கொப்புவிக்க வேண்டியவர்கள் என்பது என் துணிபு. அவர் சுரங்கத்தில் கன்வேயரோடு காலந்தள்ளுகிறவர். நீண்ட வாக்கியங்களில் அவருக்கு நாட்டமில்லை. "எஸ்தர் பத்தாவது பரீட்சைய வீட்டுலேர்ந்தே எழுதிப் பாஸ் பண்ணணும். நடுவுல புள்ள தடுமாறுதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே ரெண்டு பேரையும் ஸ்கூல்ல சேத்துடுவேன்" என்றார். அந்த நிபந்தனையின்மேல் எங்கள் பள்ளி நின்றது.

காலை ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். ஆறரைக்கு இட்லித் தட்டுகள். எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டால் அதுவே வகுப்பறை. அறிவியலும் கணக்கும் பெரும்பாலும் அடுப்பருகே நடந்தன. உறை மோர் இல்லாத நாளில் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டுப் பால் தோய்கிறதா என்று பார்த்தோம். ரசம் நுரை கூடும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தோம். உங்கள் வீட்டு அம்மியையும் எங்கள் மிக்ஸியையும் ஒப்பிட்டு, ஒரே தேங்காயின் இரு மூடிகளில் இருவகைச் சட்னி அரைத்தோம். சின்னவள் தெபோரா கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து, அம்மிக்கே வெற்றியென்று தீர்ப்பளித்தாள். நீங்கள் அன்று முழுவதும் கழுத்தை நிமிர்த்தியே நடந்தீர்கள்.

இவை எல்லாவற்றினும் மேலாக நான் பேணியது ஒரு வழக்கம். மதிய உணவுக்கு ஜெபித்த பின், முதல் கவளத்துக்கு முன், மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எனக்கு விடை தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால், "மாலையில் பார்ப்போம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் விளையாடப் போனபின் புத்தகங்களைப் புரட்டுவேன். "எனக்குத் தெரியாது" என்ற சொற்களை அந்த மேசையில் நான் உச்சரித்ததேயில்லை. உங்களையும் கேள்வி கேட்கும்படி பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நீங்கள் கையை வீசி மறுப்பீர்கள். "எனக்கின்னா கேள்வி? சோறு ஆறிகினு கெடக்குது, தின்னுங்கடி."

நான் மெய்யாகவே யார் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். அதை உங்களிடம் சொன்ன நாளில் நாம் பின்வாசலில் செய்தித்தாளை விரித்து, பண்ருட்டிப் பலாப்பழமொன்றை அறுத்துக்கொண்டிருந்தோம். இருவர் கைகளும் எண்ணெயில் பளபளத்தன. சிறுவயதில் முந்திரிக்கொட்டை உடைத்ததில் உங்கள் விரல் நுனிகளில் தங்கிவிட்ட கறுப்பை அன்று நீங்கள் காட்டினீர்கள். பதிலுக்குக் காட்ட என்னிடமும் ஒரு கறுப்பு இருந்தது. என் தகப்பனார் என்னை 'எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்' என்று சொல்லி மணமுடித்துக் கொடுத்தார். அது பொய்யன்று, முழுமையான உண்மையுமன்று. நான் பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தோற்றவள். மறுமுறை எழுத வாய்ப்பளிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு கற்றவை யாவும் வேதாகமத்திலிருந்தும், டவுன்ஷிப் நூலகத்திலிருந்தும், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியவற்றிலிருந்தும் நானே கற்றவை. என் கணவருக்கும் இது தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது என்றேன்.

நீங்கள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சற்று நேரம் மென்றீர்கள். "நான் மூணாவதோட நின்னவ. நீ என்னவிட ஏழு வருசம் ஜாஸ்தி படிச்சி ஃபெயிலு. அவ்ளோதான வித்தியாசம்? கொட்டைய இந்தாண்ட போடு."

அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. பிற்பாடு எத்தனையோ சண்டைகளில்கூட அதை நீங்கள் எடுத்து வீசவில்லை. எப்படி அது உங்களால் முடிந்தது என்பது நான் உங்களிடம் கேட்காமல் விட்டவற்றில் முதலாவது.

எஸ்தருக்குப் பதினான்கு வயது நடந்த டிசம்பர் மாதத்திற்கு வருகிறேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் கிறிஸ்துமஸ் கூடுகையை அவ்வாண்டு எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க அவர்களுக்கும் ஆவல், காட்ட எனக்கும் ஆவல். முப்பது பேருக்குக் கேக் வேண்டும். நான் வழக்கமாகச் செய்வது ஆறு அங்குல அகலமுள்ள வட்ட டின்னுக்கான அளவு. சபையில் ஒருவரிடம் பன்னிரண்டு அங்குல டின் இரவல் கிடைத்தது. இதைவிடச் சிறந்த விகிதப் பாடம் வாய்க்குமா என்று மகிழ்ந்து, கரும்பலகையில் எழுதினேன்: டின் இருமடங்கு, ஆகவே பொருள்கள் இருமடங்கு.

எஸ்தர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, அகலம்னா ஒரு பக்கம் மட்டுமா பெருசாகும்? குறுக்கயும் பெருசாகுமே. ரெண்டு மடங்கு போதுமா?"

"விகிதம் என்றால் விகிதம்தான். போடு கணக்கை" என்றேன்.

அவள் போட்டாள். மைதா, வெண்ணெய், முட்டை, கருக்கிய சர்க்கரை, திராட்சைச் சாற்றில் மூன்று வாரம் ஊறிய பழங்கள், நீங்கள் உட்கார்ந்து இரண்டிரண்டாய்ப் பிளந்து தந்த முந்திரி என ஒவ்வொன்றின் எதிரிலும் சரியாக இரண்டால் பெருக்கி எழுதினாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. வீட்டு அடுப்பில் அவ்வளவு பெரிய டின் அடங்காதாகையால், கலந்த மாவைப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவது இங்கு எல்லாரும் செய்வதுதான். என் கணவருக்கு முதல் ஷிஃப்ட். எனக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலை. துணியால் மூடிய டின்னை மடியில் வைத்துக்கொண்டு எஸ்தரும் நீங்களும் ஆட்டோவில் பஜாருக்குப் போனீர்கள்.

கேக் திரும்பி வந்தபோது, அதைக் கேக் என்று அழைப்பதற்கு மிகுந்த இரக்கம் தேவைப்பட்டது. விரற்கடை உயரம்கூட இல்லை. மெல்லியதாகக் கிடந்தபடியால் ஓரமெல்லாம் கருகி இறுகியிருந்தது. மாலை நான்கு மணிக்கு விருந்தினர் கூடிவிட்டார்கள், வேறு வழியில்லை. பாஸ்டரம்மா கத்தியை வைத்து அழுத்தினார். கத்தி நின்றுவிட்டது. "இது என்ன சிஸ்டர், கேக்கா, கடலமிட்டாயா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். "வீட்டு ஸ்கூல்ல கணக்குப் பாடம் கெடயாதா?" என்றார் இன்னொருவர். அவற்றில் நஞ்சு ஏதும் இல்லை, அக்கா. இன்று நினைத்துப் பார்க்கையில் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கணத்தில், தேர்வு முடிவு ஒட்டிய சுவரின் முன்னே மீண்டும் நின்றேன்.

"கணக்கில் மூத்தவள் சற்றுப் பின்தங்கியிருக்கிறாள்" என்று சொன்னேன். "அளவுகளை அவள்தான் கணக்கிட்டாள்."

எஸ்தர் தட்டுகளை ஏந்திக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டுகளை ஒவ்வொருவருக்கும் இரு கைகளாலும் கொடுத்தாள். மூலையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நீங்கள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள். ஒரு டம்ளர் வழிந்து தரையில் ஓடியது.

மறுநாள் மதியம் ஜெபம் முடிந்தது. தெபோரா, "எறும்புக்குத் தும்மல் வருமா?" என்று கேட்டாள். எஸ்தரின் முறை வந்தது. "இன்னிக்குக் கேள்வி இல்லம்மா" என்றாள். அதற்கடுத்த நாளும் இல்லை. எட்டு ஆண்டுகளில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் கேள்வியின்றிச் சோறு உண்டதில்லை. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்பியவர்களிடமிருந்து எந்தப் பிள்ளையைப் பறித்துவந்தேனோ, அந்தப் பிள்ளையை நானே வாயடைத்துவிட்டேன். இதை உணர்ந்தும், பருவ வயது, தானாகச் சரியாகும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வேலியருகே வந்து நின்றீர்கள். "டீச்சரம்மா, செத்த வூட்டுக்கு வா."

உங்கள் அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்னக் கரண்டி மாவை ஊற்றித் தேய்த்தீர்கள். அரைச் சாண் அகலத்தில் ஒரு குட்டித் தோசை வந்தது. அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டீர்கள். "இது அரைச் சாண். ஒரு கரண்டி மாவு. ஒரு சாண் தோச வேணும்னா எத்தினி கரண்டி?"

"இரண்டு" என்றேன்.

கரண்டியை என் கையில் திணித்தீர்கள். "ஊத்து. இதே கனத்துல தேச்சிக் காட்டு."

இரண்டு கரண்டி ஊற்றித் தேய்த்தேன். எவ்வளவு இழுத்தும் மாவு ஒரு சாணை எட்டவில்லை. நடுவில் கல் தெரிந்தது. "இன்னோண்ணு" என்றீர்கள். மூன்றாவதிலும் எட்டவில்லை. நான்காவது கரண்டியில் தோசை ஒரு சாண் அகலத்துக்கு வந்து நின்றது. அதன் ஓரம் பொன்னிறமாகும்வரை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டத்தின் பரப்பு என்று நான் எத்தனை முறை மனப்பாடம் செய்திருக்கிறேன்! எஸ்தருக்கே அந்தச் சூத்திரத்தை ஒப்புவிக்கச் சொல்லியிருக்கிறேன். அது தோசைக்கும் பொருந்தும், கேக்குக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுல ஏழு புள்ளைங்க. யாரு தோச பெருசுன்னுதான் தெனம் அடிதடி. எங்கம்மா கரண்டிய எண்ணித்தான் ஊத்தும்." தோசையைத் திருப்பிப் போட்டீர்கள். பிறகு குரல் மாறியது. "அந்தப் புள்ள பேக்கரில இன்னா சொல்லிச்சி தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்று நான் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அடுப்புக்காரன் துணியத் தெறந்து பாத்துட்டு, 'இன்னாம்மா, மாவு அடியிலயே கெடக்குது, கேக்கு சுடணுமா சப்பாத்தி சுடணுமா'ன்னான். எனக்கும் கம்மியாத்தான் தெரிஞ்சிது. திரும்பிப் போயி இன்னுங் கொஞ்சம் கலந்துகினு வரலாம்டீன்னேன். அதுக்கு அது, 'எங்கம்மா போட்ட கணக்கு ஆன்ட்டி. தப்பா இருக்காது. அப்படியே சுடுங்கண்ணா'ன்னிச்சி. சொல்லும்போது மூஞ்சில எம்மாம் பெரும தெரியுமா? சாயங்காலம் நீ அத்தினி பேரு முன்னால..."

முடிக்கவில்லை நீங்கள். தோசையைத் தட்டில் போட்டு என்னை நோக்கித் தள்ளினீர்கள். "போயி புள்ளகிட்டச் சொல்லிடு."

ஆசிரியரின் மதிப்பு குலைந்தால் கற்பித்தலே குலைந்துவிடும் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "ஒன் மதிப்பு கொலஞ்சா நாளைக்குக் கட்டிக்கலாம்" என்றீர்கள். "அது வாயத் தெறக்காமப் பூட்டுகிச்சின்னா இன்னா பண்ணுவ?"

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. துணி உலர்த்தும்போதெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து உங்கள் குரல் வரும். "சொல்லிட்டியா?"

"இன்று மாலை சொல்லிவிடுகிறேன் அக்கா."

"நேத்தும் இதயேதான் சொன்ன."

கிறிஸ்துமஸ் வந்து போனது. நான்கு நாட்கள் கழித்து ஒரு மதியம். என் கணவருக்கு இரண்டாம் ஷிஃப்ட்; சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கையிலெடுத்தபடி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எஸ்தர் பின்னாலேயே போனாள். "அப்பா, என்னை ஸ்கூல்ல சேத்துடுங்க. எனக்குக் கணக்கு வரல. அம்மாவே எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கொடுத்த வாக்கை நினைவூட்டும் முகம் அது. அப்போது நான் ஒரு சொல்லும் சொல்லாதிருந்தால் எல்லாம் மிக ஒழுங்காக முடிந்திருக்கும். பழி பிள்ளையின்மேல் தங்கியிருக்கும். என் எட்டு ஆண்டு உழைப்பு பிள்ளையின் குறைபாட்டால் நின்றுபோனதாக ஊர் அறிந்திருக்கும். என் இரகசியம் எவருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

"அன்றைக்கு நிகழ்ந்த பிழையின் மூலகாரணத்தைக் குறித்து" என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் எனக்குத் துணைநின்ற தமிழ் அன்று வாசற்படியிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தது. ஆகவே அதை விட்டுவிட்டேன்.

"எஸ்தர், தப்பு என்னோடது. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு போட்டிருக்கணும். நீ கேட்டே. கேட்டது சரி. எல்லார் முன்னாடியும் உன் மேல பழியப் போட்டேன். அப்புறம் ஒண்ணு." அவரையும் பார்த்தேன். "நான் பத்தாவது பாஸ் பண்ணல. கணக்குல ஃபெயில்."

வீதியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தெபோரா கையில் சோற்றோடு மேசையருகே எழுந்து நின்றாள். எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள். வெறுப்பைத் தேடினேன், இருந்ததா இல்லையா என்று இன்றும் அறியேன். பிறகு அவள் வாய் திறந்தாள்.

"எவ்ளோ மார்க்கும்மா?"

இரண்டு வாரத்திற்குப் பின் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவே, அக்கா.

"இருபத்திரண்டு."

"அப்புறம் எனக்கு அல்ஜீப்ராவெல்லாம் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"முந்தின நாளு நான் படிச்சிடுவேன். மறுநாள் உனக்குச் சொல்லுவேன்."

"ஒரு நாள்தான் முன்னாடியா?"

"சில சமயம் ஒரு மணி நேரம்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல இயலாத ஓர் ஓசை வந்தது. அவர் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஸ்கூலா வீடான்னு நான் வர்றதுக்குள்ள நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். வாசலைத் தாண்டியவர் திரும்பி, "நான் கணக்குல முப்பத்தாறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் வீட்டிலேயே இருக்க ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளும் ஒரு நிபந்தனை விதித்தாள். இனிமேல் கணக்கு மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும். முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து தெரிந்தவள்போல் அமரக்கூடாது. நாற்காலியை என் எதிரிலிருந்து என் பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள். சாயங்காலம் அவளை உங்களிடம் அழைத்து வந்தேன். நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தீர்கள், கல்லை அடுப்பில் வைத்தீர்கள். "எத்தினி கரண்டிடி?" என்றீர்கள். "நாலு ஆன்ட்டி" என்றாள். "ஒன்னரைச் சாணுக்கு?" என்று அவளே அடுத்ததைக் கேட்டு, அவளே விரலால் தரையில் எழுதி, ஒன்பது என்றாள். அது உங்களுக்கே புதிது. ஒன்பது கரண்டியை உங்கள் கல் தாங்காது என்பதால் அதைச் சோதிக்காமல் விட்டோம். அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின் அவள் தேர்ச்சி பெற்றாள். இப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். அவள் தேர்வு முடிவை அறிந்தவர் நீங்கள். கல்லூரியில் சேர்ந்ததை அறியாதவர்.

மருத்துவமனைக் கட்டிலில் உங்களைப் பார்க்க வந்த நாள் நினைவிலிருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது, யாரிடம் கேட்பது? உங்கள் வீட்டுக்காரர் வெளியே டீ வாங்கப் போயிருந்தார். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். "சர்வ வல்லமையுள்ள பரமபிதாவே, உமது பரிசுத்த சமுகத்தில் இந்தச் சகோதரியைத் தாழ்மையோடு ஒப்புவிக்கிறோம், உமது கிருபைக்கண்களை..." என்று போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள்.

"எனக்கு ஒரு கேள்வி."

இத்தனை ஆண்டு மேசையில் கெஞ்சியும் கேட்காதவர்! நான் ஜெபத்தை அப்படியே நிறுத்தினேன்.

"ஒன் சாமிகிட்ட ஏன் ஆபீசருக்கு மனு குடுக்கற மாதிரியே பேசிகினு இருக்க? கொழம்புல உப்பு கம்மின்னா அவருகிட்ட எப்படிச் சொல்லுவ?"

சங்கீதங்களிலிருந்து விடை தேடினேன். பயபக்தியைக் குறித்து ஒரு நல்ல வாக்கியம் நாவில் வந்தது. ஆனால் உங்கள் திறந்த கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது வலியில் சுருங்கியிருந்தது; மெய்யாகவே அறிய விரும்பியது.

"தெரியலக்கா" என்றேன்.

"அப்பாடா!" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். "சொல்லிட்டாடா மவராசி."

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. நான் முழங்காற்படியிட்டேன். வழக்கமான சொற்கள் எதுவும் எழும்பவில்லை. "அக்கா போய்ட்டாங்க, ஆண்டவரே. எனக்குப் பக்கத்துல யாருமில்ல" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறிய ஜெபம் அது. அது அவர் செவியில் எந்த நடையில் விழுந்தது என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல்.

இப்போது என்னிடம் எஞ்சியிருப்பதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் காலையில் தெபோராவோடு சேர்ந்து படிக்க வருகிறார்கள். என் பாடத்தில் பிழை நேர்ந்தால், மறுநாள் முதல் வேலையாக, "நேற்று நான் சொன்னது தவறு" என்று நின்றுகொண்டு சொல்கிறேன். முதன்முறை சொன்னபோது என் மதிப்பு குலையுமென்றே எண்ணினேன். பிள்ளைகளோ மிக்க மகிழ்ச்சியடைந்து, வேறென்ன தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கண்டுபிடித்தார்கள். ஒன்று மெய்யாகவே தவறு.

சென்ற வாரம் எஸ்தர் விடுமுறையில் வந்திருந்தாள். திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கான விண்ணப்பம் ஒன்றை என் முன்னே வைத்து, "இது உங்களுக்கும்மா" என்றாள். மறுக்கப் பல காரணங்கள் இருந்தன. அவற்றை அழகாகச் சொல்லவும் எனக்கு வரும். சொல்லாமல் பேனாவைத் திறந்தேன். பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் எழுதி முடித்தபின் 'இதுவரை பெற்ற கல்வித்தகுதி' என்று ஒரு கட்டம் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அப்படியொரு கட்டத்தைக் கண்டால், வெறுமையாக விட்டுவிட்டோ, வேறெதையோ எழுதியோ கடந்து வந்தவள் நான். எஸ்தர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பத்தாம் வகுப்பு, தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. கையெழுத்து, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, மிக நன்றாக வந்திருந்தது.

உங்கள்,
பக்கத்து வீட்டு டீச்சரம்மா